ஊரார் காசில் படம் எடுத்தவர்

கேரளத்தில் ஒரு கிராமம். 1984-ம் ஆண்டை ஒட்டிய காலம். பொழுது சாயும் நேரம். சில வாலிபர்கள் கொட்டு அடித்துக்கொண்டு தெருவழியே வருகிறார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். இருட்டியதும் திரை கட்டப்படுகிறது. படம் ஓடுகிறது. சார்லி சாப்ளின் நடித்த "கிட்" படம்! ஏழை ஒருவன் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் கதை. பாஷை தேவை இல்லாத படம். பாட்டிமார் சிரிக்கிறார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

படம் முடிந்ததும் அந்த வாலிபர்கள் கை ஏந்துகிறார்கள். தங்கள் வயிற்றுக்காக அல்ல. நாங்கள் ஒரு படம் எடுக்கப் போகிறோம், முதலாளி யாரும் இல்லை, நீங்கள்தான் முதலாளி, உங்களால் ஆனதைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஜனங்கள் மடியை அவிழ்த்துச் சில்லறையைப் போடுகிறார்கள்.

இப்படி ஊர் ஊராகப் பணம் திரட்டி ஒரு முழுநீளப் படத்தையே எடுத்து முடித்தவர் டைரக்டர் ஜான் ஆபிரகாம். (அதே பெயரில் இந்திப் பட நடிகர் ஒருவர் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.)

இவர் வாழ்நாளில் எடுத்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு. எதிலும் பெரிய செலவு இல்லை. நாலும் விசித்திரமான படங்கள். ஒன்றில் கதாநாயகன் ஒரு கழுதை! அந்தக் கழுதைப் படம் தமிழ்ப் படம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

உத்தியோகம் போயிற்று

கேரளத்தில் குட்டநாடு என்று ஒரு பகுதி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தண்ணீர். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலத்தில் வரப்பு உயர்த்தி நெல் விளைவிக்கும் ஊர்கள். அங்கேதான் 1937-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி ஜான் பிறந்தார். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். பி.ஏ. பட்டம் பெற்றார்.

படித்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் வீட்டார் ஆசைப்படக்கூடிய வேலை எதுவோ, அதுவே கிடைத்தது. பெல்லாரியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஆபீசில் குமாஸ்தா. மாதம் பிறந்தால் சம்பளம். வயதானால் பென்ஷன். மற்றவர்களின் உயிருக்குப் பாலிசி எழுதும் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, தன் வாழ்க்கைக்கு எந்தப் பாலிசியும் வேண்டாம் என்று இவர் முடிவு கட்டினார். சில ஆண்டுகளில் வேலையை விட்டார். பூனாவுக்கு ரெயில் ஏறினார்.

பூனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-ல் மத்திய சர்க்கார் ஒரு சினிமாப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. அங்கே டைரக்ஷன் கற்றுக்கொண்டு தங்க மெடலோடு வெளியே வந்தார்.

அந்தப் பள்ளியில் அப்போது ஆசிரியராக இருந்தவர் வங்காளத்து டைரக்டர் ரித்விக் கட்டக். மேதை. ஆனால் அவருடைய படங்களில் பெரும்பாலானவை பணம் பண்ணவில்லை. தேசப் பிரிவினையில் வீடு இழந்தவர்களின் துயரத்தை அவர் போலப் படமாக்கியவர்கள் குறைவு. ஜானுக்கு அவர் குரு மட்டும் அல்ல, தெய்வம் மாதிரி. கட்டக்கிடம் குடிப்பழக்கம் இருந்தது. 1976-ல் ஐம்பது வயதிலேயே காலமானார். சீடர் குருவிடமிருந்து சினிமாவை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று நினைக்கத்தான் தோன்றுகிறது. அந்தப் பழக்கமும் ஜானைப் பிடித்துக்கொண்டது.

1972-ல் முதல் படம் வந்தது. "வித்யார்த்திகளே இதிலே இதிலே" என்று பெயர். மாணவர்களே, இந்தப் பக்கம் வாருங்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது ஒரு சிலை உடைந்துபோகிறது. அதிலிருந்து கதை கிளம்புகிறது. படம் ஓடவில்லை.

கழுதை வந்த கதை

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1977-ல், ஜான் தமிழில் படம் எடுத்தார். பெயர் "அக்ரஹாரத்தில் கழுதை". கறுப்பு வெள்ளைப் படம். திரைக்கதை எழுதியவர் இலக்கிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன். காமிராவைப் பிடித்தவர் ராமச்சந்திர பாபு. இவர் ஜானுடைய பூனா நாட்களின் தோழர். சங்கீத டைரக்டர் எம்.பி.சீனிவாசன். பத்து நூறு குரல்களைச் சேர்த்துச் சேர்ந்திசை பாட வைப்பதில் அவர் மன்னர். நட்சத்திர நடிகரை ஏன் தேடவேண்டும் என்று அவரையே முக்கிய வேஷத்தில் நடிக்கவும் வைத்துவிட்டார் ஜான்!

கதை இதுதான். நாராயணசாமி கல்லூரிப் பேராசிரியர். கல்யாணம் ஆகாதவர். ஒருநாள் ஒரு கழுதைக் குட்டி அவர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. அதன் தாயை ஜனங்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பேராசிரியருக்கு மனம் இளகுகிறது. குட்டியை வீட்டில் வைத்து வளர்க்கிறார். சின்னா என்று பெயரும் வைக்கிறார். கல்லூரியில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேலி தாங்காமல், குட்டியைக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே அக்ரஹாரத்தில் அவருடைய தாய் தகப்பனார் இருக்கிறார்கள். உமா என்ற வாய் பேசாத பெண்ணிடம் குட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பட்டணம் திரும்புகிறார்.

பிறகு ஊரில் என்ன கெட்டது நடந்தாலும் பழி கழுதையின் தலையில்தான்! கல்யாணப் பேச்சு முறிந்தால் கழுதை காரணம். சடங்கில் குழப்பம் வந்தால் கழுதை காரணம். அதைக் குறும்புக்காகக் கொண்டுவந்து விட்டவர்கள் ஊர்ப் பையன்கள் என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை. வாய் பேசாத உமாவை ஒருவன் ஏமாற்றிவிடுகிறான். அவளுக்குக் குழந்தை செத்தே பிறக்கிறது. அந்தச் சிசு கோயில் வாசலில் கிடக்கிறது. அதற்கும் கழுதையே குற்றவாளி. தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கழுதையைக் கொன்றுவிடுகிறார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சோகக் கதை. இனிமேல்தான் வேடிக்கை. கழுதை செத்த பிறகு ஊரில் நல்லது நடக்க ஆரம்பிக்கிறது. அல்லது, நடந்ததாக ஜனங்கள் நினைக்கிறார்கள். உடனே கழுதை தெய்வமாகிவிடுகிறது! அதற்குக் கோயில் கட்டலாமா என்று பேச்சு எழுகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு பிடி புல் கொடுக்காதவர்கள் செத்தபின் கர்ப்பக்கிரகம் கட்டத் தயாராகிறார்கள். முடிவு என்ன என்பதைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

ஒரு கழுதையும் ஒரு ஊமைப் பெண்ணும்தான் இந்தப் படத்தில் பேசாதவர்கள். மற்ற எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் பார்ப்பவர் மனம் அந்த இரண்டு பேர் பக்கமே போகிறது. செலவு இல்லாமல் இப்படி ஒரு காரியத்தைச் செய்வதற்குக் கதை வேண்டும். ஜானிடம் கதை இருந்தது.

அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று மத்திய சர்க்கார் விருது கொடுத்தது. விருது வந்தது, தியேட்டர்தான் வரவில்லை. ஊர் ஊராகக் கொட்டகைகளில் ஓடும் பாக்கியம் அந்தப் படத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஜாதியாரை இழிவுபடுத்துகிறது என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அந்தத் தெருவை எடுத்துவிட்டு வேறு எந்தத் தெருவை வைத்தாலும் கதை அப்படியே பொருந்தும். 1989-ல் தூர்தர்ஷன் இதை டெலிவிஷனில் காட்டுவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கவோ அழவோ ஜான் அப்போது உயிரோடு இல்லை.

தென்னை மரத்தில் ஏறியவர்

1979-ல் மூன்றாவது படம். "செரியாச்சனின் குரூர கிருத்தியங்கள்". செரியாச்சன் செய்த கொடுமைகள் என்று பொருள். பெயரைப் பார்த்து யாரோ பெரிய கொடியவன் கதை என்று எண்ணவேண்டாம். செரியாச்சன் குட்டநாட்டு மிராசுதார். அவர் கையால் ஒரு கொடுமையும் செய்யவில்லை. கூலி ஆட்களைப் போலீஸ் கொல்வதைக் கண்ணால் பார்க்கிறார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். அந்தக் குற்ற உணர்ச்சி அவரைத் தின்கிறது. போலீஸ் தன்னைப் பிடிக்க வருவதாகப் பயந்து கடைசியில் தென்னை மரத்தில் ஏறிவிடுகிறார்!

மலையாள சினிமாவில் ஜனங்களைச் சிரிக்கவைத்துப் புகழ் பெற்ற அடூர் பாசிதான் செரியாச்சன். சிரிப்பு நடிகரை நம்பி இந்தப் பாரத்தை ஏற்றலாமா என்று வேறு டைரக்டராக இருந்தால் தயங்கியிருப்பார். அடூர் பாசிக்கு அந்த ஆண்டு கேரள சர்க்காரின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

முதலாளி இல்லாத படம்

மூன்று படங்கள் எடுத்தாயிற்று. கையில் காசு இல்லை. குளிக்காத தாடி, கலைந்த தலை, தோளில் ஒரு பை. இன்றைக்கு ஒரு சிநேகிதர் வீடு, நாளைக்கு வேறு வீடு. நேரம் காலம் கிடையாது. குடி வேறு. இப்படிப்பட்டவரை நம்பி எந்தப் பட முதலாளி பணம் போடுவார்? போடுகிறவரும் சும்மா போடமாட்டார். இரண்டு பாட்டு வேண்டும், ஒரு சண்டை வேண்டும், முடிவை மாற்றவேண்டும் என்பார். பணம் யாருடையதோ படமும் அவருடையதாகிவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க வழி தேடினார் ஜான்.

1984-ல் சிநேகிதர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். "ஒடேசா" என்று பெயர் வைத்தார்கள். ஒடேசா கருங்கடல் ஓரத்துத் துறைமுகம். 1905-ல் கப்பல் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்ததை ரஷ்ய டைரக்டர் ஐசன்ஸ்டைன் 1925-ல் "போட்டெம்கின்" என்ற படமாக எடுத்தார். அதில் ஒடேசா நகரத்துப் படிக்கட்டில் ஜனங்கள் சுடப்படும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அந்த ஊரின் பெயர்தான் கேரளத்துக் குழுவுக்கு வந்தது.

கொட்டும் திரையும் சாப்ளின் படமுமாகக் கிளம்பியது அப்போதுதான். பத்து லட்சம் கொடுக்கும் ஒருவர் வேண்டாம், ஒரு ரூபாய் கொடுக்கும் பல பேர் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஒருவர் கொடுத்தால் அவர் கேள்வி கேட்பார். ஊரே கொடுத்தால் படம் ஊருக்குச் சொந்தம்.

அப்படிப் பிறந்த படம் "அம்மா அறியான்". 1986-ல் முடிந்தது. அம்மாவுக்குத் தெரியும்படி என்று சொல்லலாம். புருஷன் என்ற வாலிபன் டில்லிக்குப் புறப்படுகிறான். போகும் இடத்திலிருந்து கடிதம் எழுது என்கிறாள் தாய். வயநாட்டு மலைப்பாதையில் போகும்போது தூக்கில் தொங்கிய ஒரு வாலிபனின் பிரேதத்தைக் காண்கிறான். எங்கேயோ பார்த்த முகம். பயணத்தை விட்டுவிட்டு விசாரிக்கிறான். தபேலா வாசிக்கும் ஹரி என்று தெரிகிறது. கொச்சியில் இருக்கும் அவன் தாய்க்குச் சேதி சொல்லவேண்டுமே! புருஷன் கிளம்புகிறான். வழியில் ஹரியின் சிநேகிதன் ஒருவன் சேருகிறான். பிறகு இன்னொருவன். ஒவ்வொருவன் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். ஒவ்வொருவனும் அவளிடம் சொல்லிக்கொண்டு புறப்படுகிறான். ஒரு தாய்க்குத் துக்கம் சொல்ல ஒரு கூட்டமே போகிறது. வழியெல்லாம் தொழிலாளர் போராட்டங்களும் பட்ட அடிகளும் கண்ணில் படுகின்றன.

நடித்தவர்கள் அநேகமாகப் புதியவர்கள். புருஷனாக நடித்த ஜாய் மாத்யூ பிற்காலத்தில் மலையாளத்தில் நடிகராகவும் டைரக்டராகவும் பெயர் பெற்றார். படத்தைப் பிடித்தவர் வேணு. எடிட் செய்தவர் பீனா. இந்தப் படத்திலும் கறுப்பு வெள்ளைதான். வேகம் குறைவு, பொறுமையோடு பார்க்கவேண்டும். பார்த்தவர்கள் அந்தத் தாய்மார்களின் முகங்களை மறப்பதில்லை.

படத்தைத் தியேட்டர்காரர்களிடம் கொண்டுபோகவில்லை. காசு கொடுத்த ஜனங்களிடமே கொண்டுபோனார்கள். டிக்கெட் இல்லை. திரை கட்டினார்கள், காட்டினார்கள்.

ஜானுக்கு இந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட முழுசாக நிலைக்கவில்லை. 1987 மே மாதக் கடைசியில் கோழிக்கோட்டில் சிநேகிதர்களோடு ஒரு விருந்தில் இருந்தார். இரவில் மாடியிலிருந்து தவறி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது ஐம்பதைத் தொடவில்லை. அவர் மனசில் இருந்த படங்கள் அவரோடு போயின.

2002-ல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் இந்தியாவின் பத்துச் சிறந்த படங்களைப் பட்டியல் போட்டது. தென்னிந்தியாவிலிருந்து அதில் இடம் பெற்ற ஒரே கதைப்படம் "அம்மா அறியான்". வெங்கட் சாமிநாதன் எழுதிய கழுதைக் கதையின் திரைக்கதை தமிழில் புத்தகமாகவும் வந்தது.

ஜான் போன பிறகும் ஒடேசாக் குழுவினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்களுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்திலோ கடைத்தெருவிலோ திரையைக் கட்டுவார்கள். இருட்டும்வரை காத்திருப்பார்கள். பிறகு மிஷின் ஓடத் தொடங்கும்.