மணி அடித்த பிறகு வந்த மாணவர்

நம்ம நாட்டில் அடிமை முறைக்கு எதிராக 1843-லேயே சட்டம் வந்துடுச்சு. ஆனாலும் பல பேருக்குப் பொதுத் தெருவில் நடக்கவோ, பொதுக் கிணற்றில் தண்ணி எடுக்கவோ முடியல. அதை மாற்றப் பாடுபட்டவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். கோயமுத்தூரில் படிக்கும்போது, மற்ற பிள்ளைகள் சாதியைத் தெரிந்துகொண்டால் கேவலமாக நடத்துவாங்களே என்று பயந்தார். பள்ளிக்கு வெளியிலேயே படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம்!

அப்படிப் பயந்த பையன்தான் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ, அதையே தலைநிமிர்ந்து அச்சிட்டார். பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஊர் திரும்பி, சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று 1924-ல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930-ல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனார்.

1945-ல் அவர் காலமானார். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அவர் கேட்ட கிணறு, குளம், சாலை உரிமையையே சொல்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை.

சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கு. டூர் போனா மறக்காம பாருங்க. நம்ம பள்ளியில், மணி அடிக்கும்வரை பயந்து வெளியே நிற்கிற பிள்ளை ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. அதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.