விக்ரம் சாராபாய்

இராயபுரத்துத் தூய பேதுரு ஆலயம் படகோட்டிகளின் கைப்பொருளால் எழுந்ததென்பதை வடசென்னை அன்பர் நன்கறிவர். அத்தகைய மீனவர் ஆலயமொன்று, மலையாளக் கடற்கரையில், விண்ணாராய்ச்சிக்கென விட்டுக் கொடுக்கப்பட்டது. அதனைக் கேட்டுப் பெற்றவர் விக்ரம் சாராபாய்.

இவர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் ஆலைச் செல்வர் குடியிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, போர்க் காலத்தில் தாயகம் மீண்டு, பங்களூரில் சர் சி. வி. இராமனார்பால் காஸ்மிக் கதிராராய்ச்சியில் ஈடுபட்டார். 1947-இல் டாக்டர் பட்டம் பெற்று, அவ்வாண்டே தம் ஊரில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார்.

வான்வெளியினின்று ஓயாது பாயும் இக்கதிர்களின் அளவு காலந்தோறும் மாறுவதேன்? அம்மாற்றத்திற் கதிரவனின் பங்கு யாது? இவ்வினாக்களையே அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். திங்களை நாடும் கலங்களுக்கோ இவை உயிர்நிலை போன்றவை. புவியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வளையங்கள் 1958-இல் அறியப்பட்டன. அவற்றிற்கு அப்பால் புவிக்காந்தத்தின் காப்பு குன்றிவிடும். கதிரவன் குமுறுங்கால் எழும் புரோட்டான்கள் கலத்தின் மின்னணு உறுப்புக்களைத் தாக்கி, நினைவகத்திற் பதிந்தவற்றையும் மாற்றிவிடும். கனத்த உலோகக் கவசம் போதாதோ எனலாம். போதாது, மிகு விரைவுடைய கதிர் அக்கவசத்தில் மோதி வேறு கதிர்களைப் பிறப்பிக்கும். ஆதலின் கதிரைத் தாங்கும் உறுப்புக்களும், ஒன்று கெடின் உதவ மற்றொன்றும், பிழை திருத்தும் நினைவகமும், கதிரவன் நிலையை முன்னறியும் வழியும் வேண்டப்படும்.

நிற்க. புவிக்காந்த நடுக்கோடு தும்பா என்னும் சிற்றூரின் அருகே செல்வதறிந்த சாராபாய், ஆங்கு ராக்கெட்டு ஏவ விழைந்து, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை அணுகினார். ஊரார் இசைந்து வேறிடம் பெயர்ந்தனர். மகதலேனா மரியாள் ஆலயம் பணிக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டு எழுந்தது. தாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலை விட்டகன்ற அவ்வேழை மக்களுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டென்பது என் துணிபு.

1971 டிசம்பர் 30-இல், 52 வயதில், அவர் கோவளத்தில் மறைந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் கதிரவனிற் பெரும் புயலொன்று எழுந்தது. அப்பொல்லோ 16 ஏப்ரலிலேயே மீண்டிருந்தது. அப்பொல்லோ 17 டிசம்பரிற்றான் சென்றது. இடையில் மாந்தர் எவரும் அவ்வழியில் இல்லாதது நற்பேறே.

2023 ஜூலை 14-இற் புறப்பட்ட சந்திரயான் 3, புவியைப் பன்முறை சுற்றிச் சுற்றி உயர்ந்து அக்கதிர்வளையங்களைக் கடந்தது. ஆகஸ்டு 23-இல் திங்களில் இறங்கிய அதன் கலத்திற்கு விக்ரம் என்றே பெயர். ஏறத்தாழ இரு வாரம் நீண்ட பகலிற் பணியாற்றிய அது, பின்வந்த இரவின் கடுங்குளிரில் உறங்கிற்று, மீண்டும் விழித்திலது.