பண்பை விதைத்த மாண்டிசோரி அம்மையார்

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் பாலர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் மாண்டிசோரி என்னும் சொல்லைப் பலரும் கண்டிருப்பர். அது ஓர் அம்மையாரின் குடும்பப் பெயர். எழுத்தையும் எண்ணையும் எளிதாகக் கற்பிக்க வழிகண்டவர் என்றே அவரைப் பலர் அறிவர். பிறரோடு இணங்கி வாழும் பண்பையும் சிறுவர்களுக்குக் கற்பிக்கலாம் எனக் காட்டியவர் அவர் என்பதும், தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைத் தமிழ்நாட்டில் கழித்தவர் என்பதும் அறிந்தோர் சிலரே.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலம் அது. எதிர்ப்புகளைக் கடந்து ரோம் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கு மருத்துவம் பார்த்தபோது, அவர்களுக்கு மருந்தைவிட நல்ல கல்வியே தேவை என உணர்ந்தார்.

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருந்தன. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், கவனிப்பார் இல்லாத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்தனர். சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பள்ளி செல்லும் வயதை எட்டாத சுமார் 50 குழந்தைகள் அங்குச் சேர்ந்தனர்.

அக்குழந்தைகளை அடக்கி வைக்க அவர் பிரம்பைத் தேடவில்லை. அவர்களின் உயரத்திற்கு ஏற்ற மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். கற்றல் பொருள்களை எட்டும் உயரத்தில் அடுக்கினார். ஒவ்வொரு பொருளிலும் ஒன்று மட்டுமே வைக்கப்பட்டது. ஒரு குழந்தை பயன்படுத்தும் பொருளை மற்றொரு குழந்தை பறிக்கக் கூடாது. அது மீண்டும் அடுக்கில் வைக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமையையும் விட்டுக்கொடுத்தலையும் குழந்தைகள் இவ்வாறு நாள்தோறும் பழகினர். வணக்கம் கூறுதல், கதவை ஓசையின்றி மூடுதல், ஒருவர் வேலை செய்யும்போது குறுக்கிடாமல் விலகிச் செல்லுதல் ஆகியவையும் அங்குப் பாடங்களாயின. தவறு நேர்ந்த நொடியில் கடிந்துகொள்வதைவிட, அமைதியான வேறொரு வேளையில் சரியான முறையைச் செய்து காட்டுவதே சிறந்தது என்பது அவர் கண்ட வழி.

ஒருநாள் மாண்டிசோரி, ஓசையின்றியும் பிறர் முகம் சுளிக்காமலும் மூக்கைத் துடைப்பது எப்படி எனக் கைக்குட்டையை எடுத்துச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என அவர் எண்ணியிருந்தார். அவர்களோ உற்றுக் கவனித்தனர். முடிவில் மகிழ்ச்சியோடு கைதட்டினர். அவர் புறப்பட்டபோது பின்தொடர்ந்து வந்து நன்றியும் கூறினர். மூக்கு ஒழுகுவதற்காக எத்தனையோ முறை ஏச்சு வாங்கிய பிள்ளைகள் அவர்கள். எப்படித் துடைப்பது என அதுவரை ஒருவரும் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. அறியாத ஒன்றுக்காகக் கடிந்துகொள்வது குழந்தையை அவமானப்படுத்துவதாகும் என்பதை மாண்டிசோரி அன்று தெளிவாக உணர்ந்தார்.

அவருடைய கல்விமுறை பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால், இத்தாலியை ஆண்ட முசோலினி, கட்டளைக்குப் பணியும் போர்வீரர்களாகச் சிறுவர்களை வளர்க்க விரும்பினார். அதற்கு மாண்டிசோரி இணங்கவில்லை. 1934இல் அந்நாட்டில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. தாய்நாட்டை விட்டு வெளியேறி ஸ்பெயினில் வாழ்ந்த அவர், 1936இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டதால் நெதர்லாந்து நாட்டுக்குச் சென்றார். போரைத் தவிர்க்கும் வேலை வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும் எனப் பல மேடைகளில் வலியுறுத்தினார்.

1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சுமார் 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசு இத்தாலியர்களைப் பகைவர்களாகக் கருதியது. மரியோ தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். தாயின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளை ஒட்டியே மகன் விடுவிக்கப்பட்டார். இத்துன்பத்திலும் அவர் தம் பணியை நிறுத்தவில்லை.

பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அங்கே ஒரு சிறு பள்ளியில் பல வயதுச் சிறுவர்கள் ஒன்றாகக் கற்றனர். 6 முதல் 12 வயது வரையிலான மாணவர்களின் இயல்பை மாண்டிசோரி அங்குக் கூர்ந்து ஆராய்ந்தார். அவ்வயதினர் குழுவாகச் சேர விரும்புவர். நியாயம் எது எனக் கேட்டுக்கொண்டே இருப்பர். நண்பனைப் பற்றி ஆசிரியரிடம் முறையிடும் சிறுவன் அவனைத் தண்டிக்க விரும்புகிறான் என எண்ணிவிடக் கூடாது. நல்லது எது, தீயது எது என அறியவே பெரும்பாலும் அவன் முறையிடுகிறான். மலைச்சாரலின் செடிகளையும் பூச்சிகளையும் கவனித்த மாணவர்கள், எந்த உயிரும் தனித்து வாழ்வதில்லை என அறிந்தனர். உண்ணும் உணவுக்கும் உடுத்தும் உடைக்கும் பின்னால் முகம் அறியாத பலரின் உழைப்பு உண்டு என உணர்ந்தால், மனித இனத்தின்மீது நன்றியுணர்வு தானே வளரும் என அவர் நம்பினார்.

இந்தியாவில் அவர் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களை உருவாக்கினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அவர் நெதர்லாந்தில் காலமானார்.

போரை நிறுத்தும் அதிகாரம் அம்மையாரிடம் இருந்ததில்லை. ஒரு பொருளுக்காகச் சண்டையிடாமல் காத்திருக்கும் பழக்கத்தை ஒரு குழந்தையிடம் விதைக்க அவரால் முடிந்தது. பல இனத்தவரும் அருகருகே வாழும் மலேசியாவில், வகுப்பறையில் தன் முறை வரும்வரை பொறுத்திருந்து, பிறர் பேசும்போது செவிமடுக்கும் ஒவ்வொரு மாணவரும் அவர் காட்டிய வழியிலேயே நடக்கிறார்.