ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815, கல்கத்தா – ஜனவரி 26, 1879, திக்கோயா, இலங்கை) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். முகவுருவப் படங்களுக்காகப் பெரிதும் அறியப்படுபவர். ஒருவரின் புறத்தோற்றத்தோடு அவரது அகத்தையும் கண்ணாடித் தகட்டில் பதிக்க முடியும் என நம்பி, அந்நம்பிக்கைக்கு ஏற்பத் தம் தொழில்நுட்பத்தை அமைத்துக்கொண்டவர். 48 வயதில் முதன்முதலாக ஒளிப்படக் கருவியைக் கையில் எடுத்த இவர், அதன்பின் வாழ்ந்த 15 ஆண்டுகளில் 1200க்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கினார். இந்தியாவில் பிறந்து இலங்கையில் மறைந்த இவரை ஆங்கிலேயக் கலைஞர் என்று மட்டும் அறிமுகப்படுத்துவது முழுமையாகாது.

பிறப்பும் இளமையும்

இவரது தந்தை ஜேம்சு பாட்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காள நிருவாகத்தில் அலுவலராக இருந்தவர். தாய் அடலின் பிரெஞ்சு வழியினர். தாய்வழிப் பாட்டனார் பிரெஞ்சு அரசவையில் பணிபுரிந்து பின்னர் இந்தியா வந்தவர். பாட்டி தெரேசு புதுச்சேரியில் பிறந்தவர். ஏழு சகோதரிகளுள் ஒருவரான ஜூலியா, இளமைக்கல்வியின் பெரும்பகுதியைப் பிரான்சில் பாட்டியின் பராமரிப்பில் பெற்று, 1834இல் கல்கத்தா திரும்பினார்.

நோயிலிருந்து மீள்வதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர், தென்வான விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல். மற்றவர், தம்மைவிட 20 வயது மூத்த சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். 1838இல் கல்கத்தாவில் சார்லஸை மணந்தார். இலங்கை வரலாறு படித்தோர் சார்லஸை வேறு வகையில் அறிவர்: இராசகாரிய முறையை ஒழிக்கப் பரிந்துரைத்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவரே (இலங்கைத் தமிழில் கமரூன் எனவும் எழுதப்படும்). இந்தியச் சட்ட ஆணையத்தில் மெக்காலேயுடன் பணியாற்றியவரும் இவரே. இலங்கை மலைநாட்டில் இவர் வாங்கிய காப்பித் தோட்டங்கள் குடும்பத்தின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தன.

ஹெர்ஷலின் நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. வெள்ளி உப்புகளைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ' என்னும் வேதிப்பொருளின் பயனை ஒளிப்படத்துறைக்குத் தந்தவர் அவர். இந்தியாவிலிருந்த ஜூலியாவுக்கு 1842இல் அவர் அனுப்பிய மாதிரிகளே இவர் கண்ட முதல் ஒளிப்படங்கள். ஆயினும் தாமே படமெடுக்க மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒளிப்படத்துறைக்கு வருதல்

1848இல் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. 1860இல் வைட் தீவில் கவிஞர் டென்னிசனின் வீட்டருகே இரு குடில்களை வாங்கி, இலங்கைத் தோட்டத்தின் நினைவாக 'திம்போலா' எனப் பெயரிட்டனர். 1863 திசம்பரில், கணவர் இலங்கைக்குச் சென்றிருந்த காலத்தில், தனிமையில் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒளிப்படக் கருவி ஒன்றைப் பரிசளித்தனர். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்பு மனையாயிற்று. 1864 சனவரி இறுதியில் எடுத்த ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் படத்தையே தம் முதல் வெற்றியாக அவர் கருதினார்.

தொழில்நுட்பம்

அக்காலத்தில் வழக்கிலிருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைச் சீராகப் பூசி, வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கருவியில் பொருத்தி ஒளிபடச் செய்து, உடனே இருட்டறைக்குக் கொண்டு சென்று கழுவ வேண்டும். இடையில் தூசி விழுந்தாலோ, விரல் பட்டாலோ, பூச்சு சீரற்றிருந்தாலோ தகட்டில் தழும்பு நிற்கும். கிடைக்கும் எதிர்ப்படிவத்தை முட்டை வெண்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்து அச்சிடுவர். இவ்வளவையும் ஜூலியா தாமே செய்தார். வெள்ளி நைத்திரேட்டால் கைகளும் உடைகளும் கறுத்திருந்தன.

தொழில்முறைப் படமனைகள் அப்போது உள்ளங்கையளவு அட்டைப் படங்களை விற்றுவந்தன. தலை அசையாதிருக்க இரும்புக் கவ்வி, பின்னால் தூணும் திரையும், முகம் முழுதும் சம வெளிச்சம். இவற்றில் தெரிவது ஆடையும் அந்தஸ்துமே. ஜூலியா இதற்கு நேரெதிரான வழியில் சென்றார். கவ்வியை நீக்கினார். கறுப்புத் துணியால் உடலை மூடி முகத்தை மட்டும் விட்டார். சாளரங்களை மறைத்து ஒரு பக்கத்து ஒளியை மட்டும் அனுமதித்தார். 1866 முதல் 15 x 12 அங்குலத் தகடுகளைப் பயன்படுத்தி முகத்தை ஏறத்தாழ இயல்பான அளவிலேயே பதிவு செய்தார்.

இத்தனை பெரிய தகட்டில் இவ்வளவு அருகில் எடுக்கும்போது குவிய ஆழம் மிகக் குறைவு. கண் தெளிந்தால் காது மங்கும். மேலும், சில நிமிடங்கள் வரை அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சு விடாமல் இருக்க முடியாது. அந்தச் சிற்றசைவும் தகட்டில் சேர்கிறது. ஒரு கணத்தின் முகமாக அல்லாமல், நிமிடங்களின் முகமாக அது அமைகிறது. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்திலேயே வில்லையை நிறுத்திவிடுவதாகவும், மேலும் திருகிக் கூர்மையாக்க முயல்வதில்லை என்றும் தம் முற்றுப்பெறாத தன்வரலாற்றுக் குறிப்பில் (1874) இவர் விளக்கியுள்ளார்.

உடலும் ஆன்மாவும்

பெருமக்களைப் படமெடுக்கையில் புறவடிவை மட்டுமன்றி உள்ளிருக்கும் மேன்மையையும் பதிவு செய்வது தம் கடமை என்றும், அத்தகைய படம் ஏறக்குறைய ஒரு வழிபாட்டின் வடிவமே என்றும் அவர் கருதினார். ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை இதற்கு ஒரு காரணம். மண்டையோட்டின் அமைப்பும் முக அமைப்பும் குணத்தைக் காட்டும் என்ற அக்கால ஐரோப்பிய எண்ணம் மற்றொன்று. நம் சாமுத்திரிகா இலட்சணத்தை ஒத்த அந்த எண்ணம் பின்னர் அறிவியலாக நிலைக்கவில்லை, படங்கள் நிலைத்தன.

1867இல் எடுத்த ஹெர்ஷலின் படம் இதற்குச் சிறந்த சான்று. 75 வயது முதியவரின் வெண்முடியை முன்கூட்டியே கழுவச் செய்து, அது பஞ்சுபோலக் கலைந்து நின்று ஒளியை வாங்கும்படி அமைத்தார். கருமையிலிருந்து கண்களும் நெற்றிச் சுருக்கங்களும் மட்டும் எழுகின்றன. ஆன்மாவைக் காட்டுவதற்கு இவர் உடலை மறைக்கவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தோலின் தொய்வும் கண்ணின் ஈரமும் கூடுதலாகவே தெரிகின்றன. அதே ஆண்டில் எடுத்த தாமஸ் கார்லைலின் படம் பாதி செதுக்கிய கற்சிலை போன்றது. அது விகாரமாகவும் துயருற்றும் இருப்பதாகக் கருதிய கார்லைல், தம் சாயல் அதில் இருப்பதை மறுக்கவில்லை. சார்லஸ் டார்வினை இவர் படமெடுத்தது 1868இல்.

பெண்களின் நிலை வேறு. ஆண்கள் தத்தம் பெயரிலேயே பதிவாயினர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அன்னை மரியாளாகவும் கிரேக்கக் கவி சாப்போவாகவும் பதிவானார். ஒருவரின் ஆன்மாவை அவருடைய முகத்தில் தேடிய கலைஞர், பணிப்பெண்ணின் முகத்தில் மட்டும் வேறொருவரின் ஆன்மாவை ஏற்றியது இவரது கொள்கையில் உள்ள முரண்பாடாகும். மற்றொரு பணிப்பெண் மேரி ரயன், சிறுமியாகப் பிச்சையெடுத்து நின்றபோது கேமரன் குடும்பத்தாரால் வளர்க்கப்பட்டவர். அவரது படத்தைக் கண்டு விரும்பி மணந்த ஹென்றி காட்டன், பின்னாளில் 1904ஆம் ஆண்டு பம்பாய் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்.

விமரிசனங்கள்

குவியம் தவறியவை, கறை படிந்தவை, பொறுமையற்ற கையால் ஆனவை என ஒளிப்பட இதழ்கள் குறைகூறின. தாமும் படமெடுப்பவரான லூயிஸ் கரோலுக்கும் மங்கல் பிடிக்கவில்லை. குறைகள் அனைத்தும் நோக்கத்தோடு விடப்பட்டவை என்று இன்று வாதிடுவதும் மிகை. விரிசல் விட்ட தகடுகள் விபத்துகளே. ஆனால் அவற்றை எறியாமல் அச்சிட்டது அவரது தேர்வு. ஓவியர்கள் பாராட்டினர். தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் இவரது படங்களை வாங்கி, 1868இல் தன் கட்டடத்திலேயே இரு அறைகளைப் படப்பிடிப்புக்கு அளித்தது. 500க்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் பதிப்புரிமை பதிந்தார். குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டது.

இலங்கையில்

காப்பி இலைநோய் 1869 முதல் இலங்கைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியிருந்தது. 1873இல் ஒரே மகள் மறைந்தார். முதிய கணவரோ இலங்கையையே நினைத்திருந்தார். மகன்களில் சிலரும் அங்கிருந்தனர். 1875 அக்டோபரில் தம்பதியர் புறப்பட்டனர். தமக்குத் தேவைப்படக்கூடிய இரு சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர் என்பது பலராலும் சொல்லப்படும் செய்தி.

மேற்குக் கரையிலுள்ள களுத்துறையில் மகன் ஹார்டிஞ்சின் வீட்டில் தங்கி, தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் படமெடுத்தார். வெப்பத்தில் ஈரத் தகடு விரைவில் காய்ந்துவிடும். அதனாலும் பிற காரணங்களாலும் இக்காலத்துப் படங்கள் குறைவு. எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1877 தொடக்கத்தில் அங்கு வந்த தாவர ஓவியர் மேரியன் நார்த், முதுகின் அழகுக்காகவே ஒருவரைத் தோட்டமே இல்லாத வீட்டுக்குத் தோட்டக்காரராக ஜூலியா அமர்த்தியதைப் பதிந்துள்ளார்.

இதற்குச் சற்று முன்னர்தான் (1868–1875) இந்திய மக்களைச் சாதி, குலம் எனப் பிரித்து, மாதிரிகளாக அடுக்கிய எட்டுத் தொகுதிகளை ஆங்கில அரசு வெளியிட்டது. அங்கு உடல் அளவுக்கும் வகைப்பாட்டுக்கும் உரியது. ஜூலியாவின் களுத்துறைப் படங்கள் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் குழுவின் படத்தில் ஒளியும் அமைதியும் அவரது இங்கிலாந்துப் படங்களில் உள்ளவையே. ஆனால் அவர்கள் யாரென்று படத்தலைப்பு சொல்லவில்லை. எங்கிருந்து வந்தவர், என்ன கூலி பெற்றவர், எத்தனை நேரம் அசையாதிருக்கச் சொல்லப்பட்டவர் என்பதும் இல்லை.

மறைவும் பின்னரும்

1878இல் இங்கிலாந்துக்கு ஒரு குறுகிய பயணம் சென்று திரும்பிய ஜூலியா, சனவரி 26, 1879 அன்று திக்கோயாவில் உள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மறைந்த கணவரின் கல்லறையும் அங்கேயே உள்ளது. சுற்றிலுமுள்ள காப்பித் தோட்டங்கள் பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின.

சிலகாலம் மறக்கப்பட்டிருந்த இவரது படங்களை, இவரது சகோதரியின் பேத்தியான எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் 1926இல் ரோஜர் ஃபிரையுடன் இணைந்து நூலாக வெளியிட்டார். 1948இல் ஹெல்மட் கெர்ன்ஷைம் எழுதிய நூலும் 2003இல் வெளியான முழு அட்டவணை நூலும் ஆய்வுக்கு வழிவகுத்தன. அரச ஒளிப்படக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தவை 2017இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. வைட் தீவின் திம்போலா வீடு இவரது பெயரில் அமைந்த அறக்கட்டளையால் அருங்காட்சியகமாக்கப்பட்டது.