கபிலர் காத்த மகளிர்

திருக்கோவலூரை அடுத்துத் தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. அதன் தலைமீது சின்னஞ்சிறு கோயில். கபிலர் குன்று என்பர் ஊரார். 2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைச் சேர்ந்தது அந்த இடம். அவ்வழியே எத்தனையோ முறை சென்ற தோழர்களும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பாவம், அவர்களுக்கு நேரமேது!

இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு புலவனின் வாழ்வை இன்று எடுத்து எழுதுவானேன்? சினிமாக் கொட்டகையிலே கேட்ட ஒரு சிரிப்பொலிதான் காரணம்.

2007ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏவி.எம். நிறுவனத்தாரின் ‘சிவாஜி’ படம் வெளிவந்தது. பெரும் பொருட்செலவு, பெரும் நட்சத்திரம், ஊரெங்கும் திருவிழா. அந்தப் படத்திலே ஒரு தந்தை, அவருக்கு இரண்டு பெண்கள். பெயர் அங்கவை, சங்கவை. கரியை அப்பியதுபோல் வண்ணம் பூசி அந்தப் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வந்தவர்கள் மிரண்டார்கள், கொட்டகை சிரித்தது. நம் தோழர்களும் சிரித்தார்கள், மறைப்பானேன்? மூட்டை தூக்கியும் கல் உடைத்தும் கறுத்த கைகளைத் தட்டியே சிரித்தார்கள்.

அதே படத்தில் கதாநாயகனுக்கு வெள்ளையாகும் ஆசை பிறக்கிறது. ஒரு பாட்டு முழுவதும், ஐரோப்பியப் பெண்ணொருத்தியின் தோல் நிறத்தைக் கம்ப்யூட்டரால் எடுத்து அவர் உடம்பில் ஏற்றிக் காட்டினார்கள். கறுத்த மேனியோடு வந்து, தமிழ்ப் படவுலகின் சிகரத்தில் ஏறி அமர்ந்த நடிகர் அவர்! அவருக்கே இந்தக் கதி!

அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் சங்கப் பாட்டிலே இல்லை. பாரி மகளிர் என்பதோடு புறநானூறு நின்றுவிடும். பெயர்கள் பிற்கால வழக்கு. ஆயினும் அந்தப் பெயர்களைக் கேட்டால் தமிழன் நெஞ்சில் எழுவோர் பறம்புமலை வேளின் மகளிரே. அவர்களைத் தோளில் சுமக்காத குறையாக ஊரூராய் அழைத்துத் திரிந்தவர் கபிலர்.

கபிலர் பாண்டிய நாட்டு வாதவூரிலே பிறந்தார் என்பது புராண மரபு. பிறப்பால் அந்தணர், தாமே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். நம்மவர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும், சற்றே பொறுத்திடுக. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் ஒருமுறை அவர் கையைப் பற்றி, இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என வியந்தான். ஊனும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியாத கை அது, ஆகவே மென்மையாயிற்று என்று கூசாமல் விடை சொன்னார் புலவர். போர்த்தொழில் புரிந்து காய்த்துப்போன உன் கை வேறு, என் கை வேறு என்றார். அந்தச் சேரன் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துக்காக அவருக்கு நூறாயிரம் காணம் பொன்னும், நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடனைத்தும் அளித்தான் என்று பதிகம் கூறுகிறது. சங்கப் புலவருள் மிகுதியாகப் பாடியவரும் இவரே, 200 பாட்டுக்கு மேல். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சுவை காட்டக் குறிஞ்சிப்பாட்டு எழுதினார். தமிழைக் கற்க ஆரியன் வந்தான் என்பதை நாம் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம்.

பாரி ஆண்டது பறம்பு, இன்றைய பிரான்மலை. 300 ஊர்களையும் இரவலர்க்குக் கொடுத்துவிட்டு, மலையொன்றை மட்டும் வைத்திருந்தான். மூவேந்தரும் சேர்ந்து அதனை முற்றுகையிட்டனர். உழாமலே விளைகிறது எங்கள் மலை, மூங்கில் நெல் உண்டு, பலா உண்டு, வள்ளிக்கிழங்கு உண்டு, தேன் உண்டு, வாளால் இதை வாங்க முடியாது, யாழெடுத்துப் பாடியும் ஆடியும் வாருங்கள், மலையோடு நாட்டையும் தருவான் என்று முடியுடை மூவரையும் பார்த்து எள்ளி நகைத்தவர் கபிலர். முடிவில் பாரி வீழ்ந்தான்.

பிறகு நடந்ததுதான் நெஞ்சை அறுப்பது. தாயில்லை, தந்தையில்லை, நாடில்லை. முன்பு பகைவர் குதிரைகளை மலையுச்சியில் நின்று எண்ணிய அந்தப் பெண்கள், எவனோ ஒருவனுடைய சிறுவீட்டருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டு கலங்கினார் கபிலர். விச்சிக்கோனிடம் போய், இவர்களை மணந்துகொள் என்றார். அவன் இசையவில்லை. இருங்கோவேளிடம் போனார். அவனும் இசையவில்லை. மூவேந்தர் பகைக்கு அஞ்சினர் போலும். பாரியின் மகளிர் என்று சொன்னது என் பிழை, பொறுத்துக்கொள் என்று கசப்பாகச் சொல்லி, உன் முன்னோன் புலவனை இகழ்ந்ததாலேதான் அரையம் என்னும் நகர் அழிந்தது என்று இடித்துரைத்து வெளியேறினார். மன்னர்கள் மறுத்த அந்த மகளிரைத்தான் 2007இல் கொட்டகைக்கு இழுத்துவந்து, பார், பயப்படு என்றார்கள்!

அவர்களுடைய நிறம் என்ன? புறநானூறு சொல்லவில்லை. கறுப்பென்றே வைத்துக்கொள்வோம், அதிலே இழிவு என்ன? சங்கப் புலவர்கள் தலைவியை மாயோள் என்று அழைத்தார்கள், கரியவள் என்பதே பொருள். மாந்தளிரின் மாமை நிறமே அழகின் நிறம். காதலன் பிரிந்தால் அந்த நிறம் போய் மேனி வெளுக்கும், அதற்குப் பசலை என்று பெயர், அது நோய்! நம் பாட்டனார் நோயென்று சொன்னதை நம் படக்காரர் அழகென்று விற்கிறார். பசலைக்கு மருந்து தேடிய நாட்டிலே பசலையையே டியூபில் அடைத்துக் கடைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நடிகனுக்கு வேடம் பூசக்கூடாது என்பதன்று நம் வாதம். 1935இல் கே. பி. சுந்தராம்பாள், பெண்ணாயிருந்தும், ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் நந்தனாராக நடித்தார். அது கலை. ஒரு நிறத்தை இழிவாக்கப் பூசும் மை வேறு. கடல் கடந்த நாட்டிலும் இந்த வழக்கு உண்டு. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ கறுப்பு வீரன். அந்த வேடத்தை நீக்ரோ மக்களின் மாபெரும் நடிகன் பால் ரோப்சன் 1930இல் லண்டனிலும், 1943 முதல் நியூயார்க்கிலும் ஏற்றான். நியூயார்க்கில் 296 முறை நடந்தது அந்த நாடகம். ஆனால் 1965இல் ஒதெல்லோவைப் படமாக்கியபோது, வெள்ளையரான லாரன்ஸ் ஒலிவியர் மேனியெங்கும் கருமை பூசிக்கொண்டு நடித்தார். ரோப்சனின் ஒதெல்லோ திரைக்கு வரவேயில்லை. அங்கே வேடம் பறிபோயிற்று, இங்கே பெயரே பறிபோயிற்று.

கபிலர் பாடிய திணை குறிஞ்சி. தினைப்புனம், கிளி ஓட்டும் பெண், தேன், அருவி. நம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு ஏறினால் அந்தத் திணையின் மக்களே எதிரே வருவர், சாமையும் தினையும் விதைத்தவர், கடுக்காய் பொறுக்கியவர், ஜாகீர்தார்களுக்கு வெட்டி ஊழியம் செய்து 1976இல்தான் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டவர். வெயிலும் மழையும் தந்த நிறம் அவர்களுடையது. மலைநாட்டுக் கதையென்றால் மணிமாலை போட்ட வெள்ளைத்தோல் நடிகையைத் தேடுகிற படமுதலாளி, ஒருநாள் பாரியின் கதையையும் எடுக்க வரலாம். வந்தால் முதலில் காமிராவை இந்த மலையிலே ஏற்றட்டும். ஏற்றாவிட்டால் டிக்கெட் வாங்கும் கை நம்முடையது.

கடைசியில் கபிலர் பெண்ணைக் கரைக்கு வந்தார், மலையமான் நாடு. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றுக் கல்லிலே தீப்புகுந்தார் என்று கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. எதுவாயினும், பெண்களுக்கு ஒரு வீடு அமையும்வரை சாவதில்லை என்று அந்தப் புலவன் காத்திருந்தான். கல்வெட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.