மைசூர் யானைக் கொட்டிலிலிருந்து ஹாலிவுட்டுக்கு: சாபுவின் கதை

மௌக்லி என்று சொன்னதும் உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வருகிறது? நம்ம செட்டுக்கு 2016-ல வந்த டிஸ்னி படம். அண்ணன், அக்கா செட்டுக்கு தூர்தர்ஷன்ல ஞாயிற்றுக்கிழமை வந்த கார்ட்டூன். ஆனா திரையில் மௌக்லியாக நடித்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய முதல் ஆள் நம்ம பக்கத்து மாநிலத்துக்காரர். நம்ம முதுமலைக்கு அந்தப் பக்கம், பந்திப்பூர் காட்டைத் தாண்டினா கபினி ஆறு. அதன் கரையில் இருக்கும் காராப்பூர்தான் அவர் ஊர். ஒரு யானைப் பாகனின் மகன். பெயர் சாபு.

பழைய ஹாலிவுட் படம் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். தொண்ணூறுகளில் கேபிள் டிவியில் ராத்திரி ஆனதும் கார்ட்டூன் நெட்வொர்க் முடிந்து, அதே சேனலில் டிஎன்டி என்று பழைய ஹாலிவுட் படங்கள் ஓட ஆரம்பிக்குமாம். கார்ட்டூன் போச்சேனு அழுத பசங்க நிறைய பேர், அப்படியே உட்கார்ந்து அந்தப் படங்களுக்கும் ரசிகர் ஆகியிருக்கிறார்கள். இன்றைக்கு நமக்கு அந்த சேனல் இல்லை, ஆனா படங்கள் இருக்கு. அந்தக் கால ஹாலிவுட்டில் போஸ்டரில் பெயர் பெரிதாக வந்த ஒரே இந்தியர் என்று கிட்டத்தட்ட சாபுவைச் சொல்லலாம். அவர் வாழ்க்கையை ஒருமுறை தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தப் படங்கள் வேற மாதிரி தெரியும்.

யானை மேல உட்கார்ந்திருந்த பையன்

சாபு பிறந்தது 1924 ஜனவரி 27. அப்பா மைசூர் மகாராஜாவின் யானைகளைப் பார்த்துக்கொண்டவர். சின்ன வயசிலேயே அம்மா இல்லை. கொஞ்ச வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். அதன்பிறகு அரண்மனை யானைக் கொட்டில்தான் அவனுக்கு வீடு.

1935-ல மைசூருக்கு ஒரு படக்குழு வந்தது. இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி. ‘நானுக் ஆஃப் தி நார்த்’ எடுத்தவர், டாக்குமென்டரி படங்களுக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிறவர். தயாரிப்பாளர் லண்டனைச் சேர்ந்த அலெக்சாண்டர் கோர்டா. ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய ஒரு கதையைப் படமாக்க, யானையோடு இயல்பாகப் பழகத் தெரிந்த ஒரு சிறுவனைத் தேடினார்கள். கிடைத்தவன் சாபு. வயசு 11. நடிப்புப் பயிற்சி எதுவும் கிடையாது. கேமராவைப் பற்றி எந்தக் கூச்சமும் கிடையாது. யானை மேல ஏறுவதும் இறங்குவதும் நாம பைக்ல ஏறி இறங்குற மாதிரி.

ஃப்ளாஹெர்ட்டி கணக்கு வழக்கில்லாமல் ஃபிலிம் செலவு செய்தார். கதைதான் நகரவில்லை. கோர்டா பொறுமை இழந்து, தன் தம்பி சோல்டான் கோர்டாவைக் களத்தில் இறக்கினார். மீதிக் காட்சிகளை இங்கிலாந்தில் உள்ள டென்ஹாம் ஸ்டுடியோவில் எடுக்க முடிவானது. அதற்காகச் சாபு கப்பல் ஏறினான். கூடவே அவன் அண்ணன் ஷேக் தஸ்தகீர். பின்னாளில் உலகம் ‘சாபு தஸ்தகீர்’ என்று அழைத்தது இந்த அண்ணன் பெயரையும் சேர்த்துத்தான்.

‘எலிஃபன்ட் பாய்’ 1937-ல வெளியானது. வெனிஸ் திரைப்பட விழாவில் இரண்டு இயக்குநர்களுக்கும் சிறந்த இயக்கத்துக்கான விருது கிடைத்தது. ஆனா ஜனங்கள் பேசியது முழுக்க அந்தப் பையனைப் பற்றித்தான். அவன் திரும்ப மைசூர் போகவில்லை. இங்கிலாந்திலேயே பள்ளிக்கூடம், அங்கேயே ஆங்கிலம், அங்கேயே அடுத்த படம்.

சென்னையில் எதிர்ப்பு வாங்கிய படம்

அடுத்த படம் ‘தி டிரம்’, 1938. கலர் படம். வடமேற்கு எல்லையில் நடக்கிற கதை. அதில் வெள்ளைக்காரர்களைக் காப்பாற்றும் குட்டி இளவரசனாக வந்தார் சாபு. இங்கிலாந்தில் ஹிட். இங்கே நிலைமை வேறு. சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்த நேரம். இந்தியர்களை ஒன்று துரோகிகளாக, இல்லையென்றால் விசுவாசிகளாக மட்டும் காட்டிய அந்தப் படத்தை எதிர்த்து பம்பாயிலும் நம்ம சென்னையிலும் போராட்டம் நடந்தது. அப்புறம் இங்கே படம் ஓட முடியவில்லை.

சாபுவுக்கு அப்போ 14 வயசு. கதையை எழுதியது அவர் இல்லை. எந்த வேஷம் வேண்டும் என்று கேட்கும் இடத்திலும் அவர் இல்லை. ஆனா திரையில் தெரிந்த முகம் அவருடையது. அவர் வாழ்க்கை முழுக்க இந்தச் சிக்கல் கூடவே வந்தது.

கிரீன் மேட்டுக்கு அண்ணன், ப்ளூ ஸ்கிரீன்

1940-ல வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’தான் எனக்கு அவர் படங்களில் ரொம்பப் பிடித்தது. பறக்கும் கம்பளம், பறக்கும் குதிரை, பாட்டிலிலிருந்து வெளியே வரும் ராட்சச பூதம், அதோடு மல்லுக்கட்டும் அபு என்ற குட்டித் திருடன். டிஸ்னியின் ‘அலாதீன்’ல வர்ற குரங்குக்கு அபு என்று பெயர், வில்லனுக்கு ஜாஃபர் என்று பெயர். ரெண்டும் இந்தப் படத்திலிருந்து போனவை.

நம்ம ஆட்களுக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கு. இன்றைக்கு விஎஃப்எக்ஸ் என்றாலே பச்சைத் திரைதான். அதன் மூத்த அண்ணன் நீலத் திரை. அந்த முறையைக் கலர் படத்தில் பெரிய அளவில் பயன்படுத்தி ஜெயித்தது இந்தப் படம்தான். செய்தவர் லாரி பட்லர். அந்தக் கால டெக்னிகலர் கேமராவுக்குள் மூன்று ஃபிலிம் சுருள் ஓடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யும். நீலம் மட்டும் தனியாகக் கையில் இருப்பதால், நீலப் பின்னணிக்கு முன்னால் நிற்கும் நடிகரின் உருவத்தை மட்டும் ‘மாஸ்க்’ மாதிரி பிரித்து எடுக்கலாம். பிறகு வேறு பின்னணியில் ஒட்டலாம். ஏன் நீலம்? மனிதத் தோல் நிறத்திலிருந்து தள்ளி இருக்கிற நிறம் அது. கம்ப்யூட்டரே இல்லாமல், வெறும் லென்ஸ், ஃபிலிம், கெமிக்கல் வைத்துச் செய்த வேலை. ஓரங்களில் லேசாக நீலக் கோடு தெரியும், பரவாயில்லை. ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் என்று மூன்று ஆஸ்கர் வாங்கியது.

இந்தப் படம் பாதியில் இருக்கும்போதுதான் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. மீதியை முடிக்கக் குழு அமெரிக்கா போனது. சாபுவும் போனார். அதோடு அமெரிக்கா அவர் ஊர் ஆனது.

மௌக்லி

1942-ல ‘ஜங்கிள் புக்’. இயக்கம் மறுபடியும் சோல்டான் கோர்டா. காடு முழுக்கக் கலிஃபோர்னியாவில் போட்ட செட். புலி, கரடி, யானை எல்லாம் நிஜம். மலைப்பாம்பு ‘கா’ மட்டும் ரப்பர். குத்தம்பாக்கம் பக்கம் எங்கள் ஹாஸ்டல் டிவியில் போன வருஷம் இந்தப் படத்தை ஓட விட்டோம். பாம்பு வந்ததும் முதல் வருஷப் பசங்க சிரிச்சாங்க. கடைசியில் காடு பற்றி எரியும் காட்சியில் ஒருத்தனும் செல்போனை எடுக்கவில்லை.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கதை இந்தியாவில் நடக்கிறது, கிராமம் இந்தியக் கிராமம். ஆனா மௌக்லியின் அம்மாவாக வருபவர் அமெரிக்க நடிகை. வேட்டைக்காரர் புல்தியோவாக வருபவரும் வெளிநாட்டு நடிகர். முகத்தில் பழுப்பு மேக்கப். முக்கிய வேஷங்களில் நிஜமான இந்தியர் சாபு ஒருத்தர்தான். இந்தப் படத்தின் இசை, சாபுவின் குரலில் கதை சொல்ல, இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

அதன்பிறகு யுனிவர்சல் நிறுவனம் அவரைப் பிடித்துக்கொண்டது. ‘அரேபியன் நைட்ஸ்’, ‘வைட் சாவேஜ்’, ‘கோப்ரா வுமன்’ என்று வரிசையாகக் கலர் படங்கள். எல்லாவற்றிலும் ஹீரோ ஜான் ஹால், ஹீரோயின் மரியா மான்டெஸ், ஹீரோவுக்கு நண்பன் சாபு. அதாவது உலகம் சுற்றிய ஸ்டார், இப்போ இன்னொருத்தருக்கு ஃப்ரெண்ட் ரோல். சட்டை இருக்காது, தலைப்பாகை இருக்கும். காதலும் கிடையாது, சொந்த வீடு வாசலும் கிடையாது.

விமானத்தில் இருந்த சாபு

நான் இவரைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணமே இந்தப் பகுதிதான். புகழோடு இருந்த காலத்திலேயே சாபு அமெரிக்க ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். 1944-ல அமெரிக்கக் குடிமகன் ஆனார். பொதுவாக இந்தியர்கள் அங்கே குடியுரிமை வாங்கலாம் என்ற சட்டம் வந்ததே 1946-லதான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ராணுவத்தில் சேர்ந்த பெரிய நட்சத்திரங்கள் சிலரை மேடை ஏற்றி, கை ஆட்ட வைத்து, பிரச்சாரத்துக்கு அனுப்புவது உண்டு. சாபு போனது நிஜப் போருக்கு. பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் கன்னர். விமானத்தின் வால் பக்கமும் அடிவயிற்றுப் பக்கமும் இருக்கும் சின்னக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு அடைந்து உட்கார வேண்டும். எதிரி விமானம் முதலில் குறிவைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. பசிபிக் கடலுக்கு மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பறந்தார். ‘டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்’ என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்தபோது அவருக்கு வயசு 21. இப்போ நம்ம வயசு. நாம இப்போதான் ப்ளேஸ்மென்ட்டுக்கு ரெஸ்யூமே ரெடி பண்றோம். அந்த வயசில் அவர் ரெஸ்யூமேயில் உலகப் புகழ், மூன்று நாடு, ஒரு போர், ஒரு பதக்கம் எல்லாம் இருந்தது. ஆனா இன்டர்வியூ எடுத்தவர்கள் பார்த்தது ஒரே ஒரு வரியைத்தான்: யானைக்காரப் பையன்.

அதற்கப்புறம்

1947-ல, நமக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், ‘பிளாக் நார்சிஸஸ்’ வந்தது. இமயமலையில் நடக்கும் கதை. ஆனா எடுத்தது இங்கிலாந்து பைன்வுட் ஸ்டுடியோவில். மலை எல்லாம் வரைந்த ஓவியம், ஆனா பார்த்தால் சத்தியமா நம்ப மாட்டீங்க. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் வாங்கியது. சாபு அதில் பட்டும் நகையும் போட்ட இளம் ஜெனரல். படிக்க ஆசைப்பட்டு கன்னியாஸ்திரீகளிடம் வரும் இளைஞன். படத்தின் பெயரே அவர் பூசி வரும் வாசனைத் திரவியத்தின் பெயர்தான். கொஞ்ச நேரமே வந்தாலும், ஒரு வளர்ந்த மனிதனாக நடிக்க அவருக்குக் கிடைத்த அபூர்வ வாய்ப்பு அது.

1948-ல நடிகை மர்லின் கூப்பரைத் திருமணம் செய்தார். ஒரு மகன், ஒரு மகள். பட வாய்ப்பு குறைந்தது. ஐரோப்பாவில் சில படங்கள் நடித்தார். லண்டனில் ஒரு சர்க்கஸில் யானைகளோடு நிகழ்ச்சி செய்தார். பதினைந்து வருஷம் ஓடி, திரும்ப யானையிடமே வந்து நின்றார்.

இந்தியா அவரைக் கூப்பிடவே இல்லையா என்றால், கூப்பிட்டது. மெஹபூப் கான் ‘மதர் இந்தியா’ எடுத்தபோது பிர்ஜு வேஷத்துக்குச் சாபுவைத்தான் யோசித்தார். ஆனா சாபு அப்போ அமெரிக்கக் குடிமகன். இங்கே வேலை செய்யும் அனுமதி அமையவில்லை. வேஷம் சுனில் தத்துக்குப் போனது. அந்தப் படம் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. சாபு கடைசி வரை ஒரு இந்தியப் படத்தில்கூட நடிக்கவில்லை. அங்கே அவர் எப்பவும் இந்தியர். இங்கே வேலை என்று வந்தபோது அமெரிக்கர்.

கப்பலில் கூடவே வந்த அண்ணன் ஷேக்கும் அவரும் சேர்ந்து ஒரு ஃபர்னிச்சர் கடை வைத்திருந்தார்கள். 1960-ல அந்தக் கடையில் நடந்த கொள்ளையில் அண்ணன் கொல்லப்பட்டார். அதே 1960-லதான் ஹாலிவுட் நடைபாதையில் சாபு பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 1963 டிசம்பர் 2-ஆம் தேதி, கலிஃபோர்னியா வீட்டில் மாரடைப்பு. வயசு 39. அவர் கடைசியாக நடித்த ‘எ டைகர் வாக்ஸ்’ என்ற டிஸ்னி படம் அவர் போன பிறகு, 1964-ல வெளிவந்தது.

எப்படிப் பார்ப்பது?

இந்தப் படங்களில் வரும் இந்தியா நிஜ இந்தியா இல்லை. அதைத் தெரிந்துகொண்டே பார்க்கலாம், கோபம் வர்ற இடத்தில் கோபப்படலாம். ஆனா அந்தக் கோபத்தில் படத்தை நிறுத்திவிட்டால், நடுவில் நிஜமாக இருந்த ஒரே ஆளையும் சேர்த்து அணைத்துவிடுகிறோம். ரப்பர் பாம்பு, பெயின்ட் அடித்த மலை, மேக்கப் போட்ட முகங்கள். அத்தனைக்கும் மத்தியில் சாபு ஓடுவது, குதிப்பது, சிரிப்பது மட்டும் பொய்யாகத் தெரியவே தெரியாது. காராப்பூரில் கற்றுக்கொண்டது அது. எந்த ஸ்டுடியோவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

‘ஜங்கிள் புக்’ அமெரிக்காவில் காப்புரிமை முடிந்த படம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலில் அதைப் பாருங்க. பிடிச்சிருந்தா ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’. அப்புறம் ‘பிளாக் நார்சிஸஸ்’. மூன்றையும் பார்த்தால், மூன்று படத்துக்குள் ஒரு பையன் ஆள் ஆகிறதைப் பார்க்கலாம். முடிந்தால் டிவியில் போட்டு, ரூம்ல நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துப் பாருங்க. டெக்னிகலர் சிவப்பும் நீலமும் செல்போன் திரைக்காக எடுத்தது இல்லை.