தலைகளை எண்ணிய அருணாசலம்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்றதும், 1919 இல் தோன்றிய இலங்கை தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவர் என்ற நினைவே நம்மவர்க்கு எழுவதுண்டு. அதற்கு முன்னரே இந்நாட்டு மக்களை எண்ணிக் கணக்கிட்டவரும் அவரே என்பது அதிகம் பேசப்படாத செய்தியாகும்.

1853 இல் கொழும்பில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, 1875 இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதற் சுதேசி அவர். பின்னர் பதிவாளர் நாயகமாகி, 1901 மார்ச் முதலாந் திகதி நடைபெற்ற குடிசன மதிப்பீட்டை வழிநடத்தினார். 35 இலட்சத்து 65 ஆயிரத்து 954 பேர் என்பது அதன் பெறுபேறு. படையினரும், கப்பல்களில் இருந்தோரும், போயர் யுத்தக் கைதிகளும் இத்தொகையில் அடங்கார். துறைமுகத்தோடு வாழும் திருகோணமலை வாசகர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நங்கூரமிட்ட கப்பலில் இருப்பவர் ஊரவராகிவிடுவதில்லை.

மதிப்பீட்டில் கேட்கப்படும் வினாக்கள் யாவும் ஓரியல்பின அல்ல. வயது மெய்யான அளவு. நாற்பது, இருபதின் இருமடங்கு. இனமும் மதமுமோ வெறும் பெயர்கள். ஒரு பெயருக்குரியோர் எத்தனை பேர் என எண்ணலாம். பெயர்களை மேல், கீழ் என அடுக்க இயலாது. பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகித அளவை என இவற்றை நான்காக வகுத்து அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் எழுதியது 1946 இல்தான்.

பெயர்தானே என்று இதனை எளிதாகக் கொள்வதற்கில்லை. எப்பெயர்கள் அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்பதே பெரும் வழக்காக இருந்தது. அருணாசலத்தின் அண்ணன் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என 1888 இல் றோயல் ஆசியக் கழகத்தில் வாதிட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூலெழுதினார். இவ்விரண்டுக்கும் இடையே வந்த தம்பியின் மதிப்பீட்டிலோ, முன்னைய மதிப்பீடுகளைப் போன்றே, சோனகர் தனியினமாகவே எண்ணப்பட்டனர். அண்ணனின் வாதம் தம்பியின் அட்டவணைக்குள் புகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1911 இல் அருணாசலத்திற்குப் பின் வந்தவர்கள், தமிழரையும் சோனகரையும் இலங்கையர், இந்தியர் என மேலும் பிரித்தனர். மனிதர் மாறவில்லை, பெயர்களே பெருகின.

1901 இல் திருகோணமலை மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை 28 ஆயிரத்து 441 மாத்திரமே. 2012 மதிப்பீட்டின்படி, முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் இங்கு பாதித் தொகையை எட்டவில்லை. ஆயினும் ஒவ்வொரு மதிப்பீடு வெளியாகும்போதும் நாம் முதலில் தேடுவது வயதையோ கல்வியையோ அல்ல, எவர் எத்தனை வீதம் என்பதையே. வீதம் ஆசனமாகவும் காணியாகவும் மாறக்கூடிய மாவட்டத்தில் இது வியப்பன்று.

அம்மாற்றத்தின் கசப்பை அருணாசலமே அனுபவித்தார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற உறுதிமொழி கைவிடப்பட்டதாகக் கருதி, 1921 இல் தாம் தலைமை தாங்கிய காங்கிரஸிலிருந்து விலகினார். 1923 இல் தமிழர் லீக்கை அமைத்தார். மறுவருடம் ஜனவரி 9 ஆம் திகதி, தலயாத்திரையின்போது, மதுரையில் காலமானார்.